சீறியாழின் உடல், பேரியாழின் குரல்

(இணையவழி இலக்கியச் சந்திப்பின் நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

டொரன்டோவில் இருப்பவர்களுக்கு இப்போதுதான் காலைத் தேநீர் முடிந்திருக்கும். லண்டனில் பிற்பகல். சென்னையிலும் கொழும்பிலும் இரவுச் சாப்பாட்டு நேரம். நான் இருக்கிற மேற்கு டென்மார்க்கில் மாலை நான்கு மணி. குளிர்காலம் என்பதால் வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது.

இந்தச் சந்திப்பில் ஒரு வாத்தியத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் நண்பர் கொஞ்சம் தயங்கினார். "இதில் இலக்கியம் எங்கே வருகிறது?" என்று கேட்டார். கடைசியில் வரும், கொஞ்சம் பொறுத்திருங்கள் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். உங்களிடமும் அதே பொறுமையைக் கேட்கிறேன்.

இதோ, என் கையில் இருப்பது பேஸ் யூகலேலே. முழு நீளம் சுமார் 75 சென்டிமீட்டர். ஒரு குழந்தையின் கிட்டார் என்று நினைப்பீர்கள். இதன் மிகத் தடித்த தந்தியை இப்போது மீட்டுகிறேன். (மீட்டிக் காட்டப்படுகிறது.) கேட்டதா? நல்ல ஹெட்போன் போட்டிருப்பவர்களுக்கு நெஞ்சுக்குள் கேட்டிருக்கும். கைபேசியில் கேட்பவர்களுக்கும் அது ஒரு தாழ்ந்த ஒலி என்பது தெரிந்திருக்கும். இந்த ஒலி ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பேஸ் வாத்தியத்தின் அடித் தந்தியின் ஒலி. அதே சுருதி, ஒரு துளி குறைவில்லை.

இவ்வளவு பெரிய குரல் இவ்வளவு சின்ன உடலுக்குள் எப்படி வந்தது? டென்மார்க்கில் என்னைப் போன்றவர்கள் இதை ஏன் தேடி வாங்குகிறோம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாடல்கள் கோயில் திருவிழாக்களையும் கலியாண வீடுகளையும் கலக்கிய காலம். 1985இல் ஊரை விட்டு வந்தபோது ஒரு பைதான் கையில் இருந்தது. கிட்டார் நண்பர் வீட்டு அலமாரிக்கு மேலே இருந்தது. இன்றைக்கு அந்த வீடும் இல்லை. இங்கே வந்து முப்பது வருடம் தொழிற்சாலை வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஆசையோடு ஒரு முழு அளவு பேஸ் கிட்டார் வாங்கினேன். இடது கை விரல்கள் விரிய மறுத்தன. கால் மணி நேரத்தில் மணிக்கட்டு வலித்தது. மூன்று மாதத்தில் அதையும் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

தாழ்ந்த குரலுக்கு ஏன் பெரிய உடல்?

ஒரு தந்தியின் சுருதி மூன்று விஷயங்களைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, எடை. பிரெஞ்சுத் துறவி மரன் மெர்சென் 1636இல் வெளிவந்த தன் நூலில் இந்தக் கணக்கை எழுதி வைத்தார். வீணை வாசிப்பவர்களுக்கு இது கணக்குப் போடாமலேயே தெரியும். விரலை அடுத்த மெட்டுக்கு நகர்த்தினால் அதிரும் நீளம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. பிருடையை முறுக்கினால் இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. சாரணித் தந்தியை விட அனுமந்தரத் தந்தி தடிமனாக இருக்கிறது, ஆகவே தாழ்ந்து ஒலிக்கிறது.

தாழ்ந்த சுருதி வேண்டுமென்றால் தந்தியை நீளமாக்கலாம், தளர்த்தலாம், அல்லது கனமாக்கலாம். நூற்றாண்டுகளாக மேற்கத்திய வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் நீளத்தையே நம்பினார்கள். டபுள் பேஸில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 105 சென்டிமீட்டர். 1951இல் ஃபெண்டர் நிறுவனம் விற்கத் தொடங்கிய மின்சார பேஸ் கிட்டாரில் அது 86 சென்டிமீட்டர் ஆனது. இதுவே இன்று வரை வழக்கமான அளவு. அதற்கும் குறைவானவற்றை 'குறு நீள' பேஸ் என்று சொல்லலாம்.

குறு நீள பேஸ் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றுதான், கவனித்திருக்க மாட்டோம். 1964 ஜூன் 4ஆம் தேதி பீட்டில்ஸ் கோபன்ஹேகனில் கே.பி. ஹாலன் அரங்கில் பாடினார்கள். உடல்நலமில்லாத ரிங்கோ ஸ்டாருக்குப் பதிலாக ஜிம்மி நிக்கல் டிரம்ஸ் வாசித்த நாட்கள் அவை. அந்தக் காலத்தில் பால் மக்கார்ட்னியின் தோளில் தொங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர் ஒரு குறு நீள பேஸ். தந்தி நீளம் 76 சென்டிமீட்டர். அந்த வகையில் தன் முதல் கருவியை 1961இல் ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 30 பவுணுக்கு வாங்கியிருந்தார். விலை குறைவு, எடை குறைவு. இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும்.

86இலிருந்து 76 வரை வந்தாயிற்று. என் கையில் இருப்பதில் தந்தியின் நீளம் 53 சென்டிமீட்டர்தான். இங்கேதான் சிக்கல் வருகிறது. இழுவிசையை மாற்றாமல் அதே சுருதி வேண்டுமென்றால், ஒவ்வொரு சென்டிமீட்டர் தந்தியும் இரண்டரை மடங்குக்கு மேல் கனமாக வேண்டும். உருக்குக் கம்பியை அப்படித் தடிக்க வைத்தால் அது வளையாது, கோல் போல விறைத்து நிற்கும். அதில் எழும் மேல் ஒலிகள் அடிச் சுருதியோடு ஒட்டாமல் விலகும். சரி, தளர்த்திவிடலாம் என்றால் கொடியில் காயும் துணி போலத் தொய்ந்து ஆடும். உருக்கை வைத்துக்கொண்டு இதற்கு மேல் குறுக்குவது கடினம்.

ரப்பர் செய்த வேலை

தடித்தாலும் மென்மையாகவே இருக்கிற ஒரு பொருள் வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில் ஆலன் ஆஷ்வர்த்-ஜோன்ஸ், நைஜல் தோர்ன்பரி என்ற இருவர் சிலிக்கோன் ரப்பரில் தந்தி செய்து 46 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பேஸ் கட்டினார்கள். இருவர் பெயரையும் ஒட்டி அதற்கு 'ஆஷ்பரி' என்று பெயர் வைத்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். டபுள் பேஸ் மாதிரியே ஒலித்தது.

பிறகு அமெரிக்காவில் 'ரோட் டோட் மியூசிக்' என்ற பெயரில் சிறிய பட்டறை நடத்திய ஓவன் ஹோல்ட் பேரிடோன் யூகலேலே அளவுள்ள உடலில் பாலியூரித்தேன் தந்திகளைப் பூட்டினார். கலிபோர்னியாவைச் சேர்ந்த கலா நிறுவனம் அவரோடு சேர்ந்து 2000களின் இறுதியில் இதை 'யூ-பேஸ்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. வழுவழுவென்ற ரப்பர் தந்தி பிடிக்காதவர்களுக்கு நைலான் இழையின் மேல் உலோகம் சுற்றிய தந்திகளும் வந்துவிட்டன.

யூகலேலே என்ற பெயருக்குப் பின்னால் ஒரு புலம்பெயர் கதை இருக்கிறது. 1879 ஆகஸ்ட் 23ஆம் தேதி 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் ஹொனலூலுவில் நங்கூரமிட்டது. போர்த்துகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்கள் அதில் இருந்தன. மனுவேல் நூனெஸ், ஆகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று தச்சர்களும் இருந்தார்கள். மதெய்ராவில் 'மஷேட்டி' என்ற சின்ன நாலு தந்தி வாத்தியம் உண்டு. அது ஹவாய் மரத்தில் மறுபிறவி எடுத்து யூகலேலே ஆனது. ஹவாய் மொழியில் அந்தச் சொல்லுக்குக் 'குதிக்கும் தெள்ளு' என்று பொருள் சொல்வார்கள்.

கரும்புத் தோட்டம், ஒப்பந்தக் கூலி, கப்பல். இதைக் கேட்கும்போது மலேசியாவிலும் மொரீஷியஸிலும் ஃபிஜியிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிற நம் சகோதரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இலங்கையில் நமக்கும் போர்த்துக்கேயர் ஒரு பங்கு விட்டுப்போனார்கள். பைலா அந்த வழியில் வந்ததுதான். மட்டக்களப்பில் போர்த்துக்கேயப் பறங்கியர் இன்றும் அந்தத் தாளத்தை வைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கப்பலில் ஏறியவை எல்லாம் சின்ன வாத்தியங்கள். டபுள் பேஸைத் தோளில் போட்டுக்கொண்டு யாரும் பிழைக்கப் போகவில்லை. புலம்பெயர்ந்தவனின் பாட்டில் மேல் குரல் வந்து சேரும், அடிக்குரல் ஊரிலேயே நின்றுவிடும். ரப்பர் தந்தி வந்த பிறகு அடிக்குரலும் பையில் ஏறுகிறது.

ஒரு டென்மார்க்காரரின் பங்கு

தந்திப் பிரச்சினை தீர்ந்தாலும் உடலின் பிரச்சினை இருக்கிறது. மிகத் தடித்த தந்தி ஒரு விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் காற்றில் எட்டு மீட்டருக்கும் அதிகம். ஒரு பேருந்தில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிய பலகையால் அவ்வளவு பெரிய அலையைக் காற்றில் எழுப்ப முடியாது. பக்கத்தில் இருப்பவருக்கு மெலிதாகக் கேட்கும். நாலு பேர் பாடத் தொடங்கினால் காணாமல் போய்விடும்.

ஆகவே குதிரைக்கு அடியில் ஒரு பீசோ பிக்கப் வைக்கிறார்கள். அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் மெல்லிய பட்டை அது. சாதாரண மின்சாரக் கிட்டாரின் காந்தப் பிக்கப் உருக்குத் தந்தி அசைந்தால்தான் உணரும். ரப்பர் தந்தி அதற்குத் தெரியவே தெரியாது. பீசோவிலிருந்து ஆம்ப்புக்கு, ஆம்ப்பிலிருந்து ஒலிபெருக்கிக்கு.

அந்த ஒலிபெருக்கியைச் சாத்தியமாக்கியவர்களில் ஒருவர் டென்மார்க்காரர். பீட்டர் ஜென்சன் 1886இல் ஃபால்ஸ்டர் தீவில் பிறந்தவர். கம்பியில்லாத் தந்தி வேலைக்காக 1909இல் கலிபோர்னியா போனார். அங்கே நாபா என்ற ஊரில் எட்வின் பிரிதமோடு சேர்ந்து, காந்தப் புலத்துக்குள் கம்பிச் சுருள் அசையும் ஒலிபெருக்கியைச் செய்தார். 1915 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்கு அதன் மூலம் பாட்டும் பேச்சும் கேட்டன. பின்னாளில் ஜென்சன் பெயரில் வந்த ஒலிபெருக்கிகள் ஆரம்பகால ஃபெண்டர் ஆம்ப்களுக்குள் உட்கார்ந்திருந்தன. மதெய்ராவின் தச்சர்களும் ஃபால்ஸ்டர் தீவின் ஜென்சனும் பிழைக்கப் போன இடத்தில் செய்தவை ஒன்றுசேர்ந்துதான் என் மடியில் இருக்கிற இந்தச் சின்னப் பெட்டி.

இங்கே காதின் ஒரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். கைபேசியின் குட்டி ஒலிபெருக்கிக்கு 41 என்ற அதிர்வைத் தரவே இயலாது. ஆனாலும் உங்களுக்குத் தாழ்ந்த ஒலி கேட்டது. ஏனென்றால் ஒரு தந்தி மீட்டப்படும்போது 41 மட்டும் எழுவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் அதற்கு மேலும் எழுகின்றன. மேலே உள்ள மடங்குகள் காதில் விழுந்தால் போதும். அவற்றுக்குப் பொதுவான அடியை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது.

யாழ்ப்பாணத்தில் உள்ளங்கை அகல டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு போவதை அந்தப் பெட்டியில்தான் கேட்டேன். அந்த ஒலியில் பாதி பெட்டிக்குள் இருந்ததே இல்லை என்று இன்றைக்குத்தான் புரிகிறது. நாங்கள்தான் போட்டு நிரப்பியிருக்கிறோம்.

டென்மார்க்கில் ஏன்?

டென்மார்க்கில் சேர்ந்து பாடுவது ஒரு வழக்கம். நாம் தேவாரம் பாடுவது போலவோ பஜனை போலவோ கோயிலோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. பாடசாலைக் காலை, சங்கக் கூட்டம், பிறந்தநாள், தொழிற்சங்க விழா எல்லாவற்றிலும் புத்தகத்தைத் திறந்து எல்லாரும் பாடுவார்கள். குரல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இதன் வேர் 'ஹொய்ஸ்கோல' என்கிற மக்கள் கல்லூரிகளில் இருக்கிறது. பரீட்சை இல்லாத அந்தக் கல்லூரிகளுக்குக் கவிஞரும் போதகருமான குருண்ட்விக் வழிகாட்டினார். முதலாவது 1844இல் ரோடிங்கில் தொடங்கியது. அவற்றின் பாடல் புத்தகம் 1894 முதல் பதிப்பிக்கப்பட்டு வருகிறது. 2020இல் வந்த 19ஆவது பதிப்பில் 600க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அதே 2020 வசந்தத்தில் கொரோனாவால் நாடு அடைபட்டுக் கிடந்தபோது, டி.ஆர் தொலைக்காட்சியில் ஃபிலிப் ஃபேபர் தன் வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து காலைப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். நாடே அவரவர் வரவேற்பறையில் நின்று பாடியது. நாங்களும்தான்.

இசைக்கென்று தனிச் சட்டமும் டென்மார்க்கில் 1976 முதல் உண்டு. நகரசபைகள் நடத்தும் இசைப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் கற்கலாம். பெரியவர்களுக்கு மாலைப் பள்ளிகள். யூகலேலே வகுப்புகள் அங்கே சாதாரணம். ஒரே நாளில் இரண்டு கோர்ட் கற்றுக்கொண்டு ஒரு பாட்டுப் பாடிவிடலாம் என்பதால் கூட்டம் சேர்கிறது. யூகலேலேயைப் பெரிய மேடைக்குரிய வாத்தியமாக எடுத்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். டோபியாஸ் எலோஃப் நார்டிக் நாட்டுப்புற மெட்டுகளை அதில் வாசித்துக் காட்டுகிறார்.

பேஸுக்கும் டென்மார்க்கில் தனி மரியாதை. காரணம் நீல்ஸ்-ஹென்னிங் ஓஸ்டெட் பெடர்சன். 1946இல் ஓஸ்டெட் என்ற கிராமத்தில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கோபன்ஹேகனின் மொன்மார்ட் ஜாஸ் கிளப்பில் அமெரிக்க மேதைகளுக்கு டபுள் பேஸ் வாசித்தவர். பதினேழு வயதில் கவுன்ட் பேசியிடமிருந்து அழைப்பு வந்தது. அமெரிக்காவில் வேலை செய்யும் வயது ஆகவில்லை என்பதால் போகவில்லை. பிறகு ஆஸ்கர் பீட்டர்சனோடு உலகம் சுற்றினார். 2005இல் மறைந்தார். அவருடைய இசைத்தட்டைக் கேட்டால், பேஸ் பின்னால் நின்று தாளம் போடுகிற வாத்தியம் என்ற எண்ணம் போய்விடும்.

இப்போது எங்கள் ஊர் மாலைப் பள்ளிக்கு வருவோம். பன்னிரண்டு பேர் ஒரே உயரச் சுருதியில் யூகலேலேயை ஒன்றாக அடித்தால் எப்படி இருக்கும்? தகரக் கொட்டகை மேல் மழை பெய்கிற மாதிரி. இனிமைதான், ஆனால் நிற்க நிலம் இல்லை. நம் சங்கீதத்தின் சொல்லில் சொன்னால் எல்லாம் வலிவு, கொஞ்சம் சமன், மெலிவு இல்லவே இல்லை. ஒரே ஒரு பேஸ் யூகலேலே வந்து சேர்ந்ததும் அந்தப் பன்னிரண்டும் ஒரு குழு ஆகிவிடுகின்றன. பாடுகிறவர்கள் சுருதி விலகுவதும் குறைகிறது. தம்பூராவின் மந்தரம் பாடகருக்குச் செய்கிற உதவி போலத்தான் இதுவும்.

எங்கள் குழுவில் முதலில் ஒன்று இருந்தது. இப்போது மூன்று. ஒன்று என்னுடையது. இன்னொன்று வாத விரல்களோடு வருகிற ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருடையது. மூன்றாவது ஒரு பதினொரு வயதுச் சிறுமி. இந்த மூவரில் யாரும் முழு அளவு பேஸ் கிட்டாரைத் தொட்டிருக்க மாட்டோம், அல்லது தொட்டுவிட்டு விட்டிருப்போம்.

காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. 86 சென்டிமீட்டர் கருவியில் முதல் மெட்டுக்கும் நாலாவது மெட்டுக்கும் இடையே 13 சென்டிமீட்டர். ஆட்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே அவ்வளவு விரிய வேண்டும். 53 சென்டிமீட்டர் கருவியில் அது எட்டே சென்டிமீட்டர். தந்தியின் இழுவிசையும் குறைவு, ஆகவே அழுத்தவும் பெரிய பலம் வேண்டாம். எடை ஒரு கிலோ அளவுதான், தோள் வலிக்காது. டென்மார்க்கில் பாதி வாழ்க்கை சைக்கிளில். முதுகில் மாட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் மிதிக்கலாம். அடுக்குமாடி வீட்டில் ஆம்ப் போடாமல் வாசித்தால் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். சத்தமே இல்லாத உடல் அங்கே ஒரு வரம்.

குறைகளையும் சொல்ல வேண்டும்

விற்பனைக்காரன் போலப் பேசிவிட்டுப் போகக் கூடாது. ரப்பர் தந்தி அதிர்வைச் சீக்கிரம் விழுங்கிவிடும். 'டும்' என்று எழுந்து உடனே அடங்கும். டபுள் பேஸை விரலால் மீட்டுகிற ஒலிக்கு அது நெருக்கம். நீண்டு நிற்கிற ஸ்வரம் வேண்டுமானால் உலோகம் சுற்றிய தந்தி பூட்ட வேண்டும், அல்லது வேறு வாத்தியம் பார்க்க வேண்டும். வேகமான ராக் இசையில் இது தோற்றுப்போகும்.

புதுத் தந்தி பல நாட்கள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பிருடையைத் திருக வேண்டும். அடித்து வாசித்தால் சுருதி மேலே ஏறும், மெதுவாகத்தான் மீட்ட வேண்டும். பாலியூரித்தேன் விரலில் ஒட்டும். பலர் விரலுக்கு டால்கம் பவுடர் பூசிக்கொள்வார்கள். மெட்டுகள் நெருக்கமாக இருப்பதால் பெரிய கைக்காரர்கள் மேல் பகுதியில் திணறுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆம்ப் இல்லாமல் சபையில் இதற்குக் குரல் இல்லை.

நம் இசைக்கு இது ஒத்துவருமா?

இந்தக் கேள்வியை எங்கள் தமிழ் நண்பர்கள் கேட்கிறார்கள். டென்மார்க்கில் இலங்கை வம்சாவளியினர் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறோம். ஹெர்னிங்கில் சித்தி விநாயகர், பிரான்டவில் அபிராமி அம்மன் என்று கோயில்களும் இருக்கின்றன. விழாக்களில் மேடை உண்டு. மேடையில் பாட்டுக்குப் பேஸ் வேண்டுமென்றால் இதுவரை கீபோர்டின் இடது பக்கம்தான் கதி.

கர்நாடக சங்கீதத்தில் தனியான பேஸ் வரி கிடையாது. அந்த இடத்தைத் தம்பூராவும் மிருதங்கத்தின் தொப்பியும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் வெளியிலிருந்து வந்த வாத்தியத்தை ஏற்றுக்கொள்வதில் நமக்குக் கூச்சம் இருந்ததில்லை. வயலினைப் பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் எடுத்துக்கொண்டோம். இருநூறு வருடத்தில் அது நம்முடையது ஆகிவிட்டது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அந்தச் சின்ன வாத்தியத்தின் தந்தி அமைப்பையே மாற்றிக் கமகத்துக்கு வளைத்தார். பேஸ் யூகலேலேயில் மெட்டு இல்லாத வகையும் கிடைக்கிறது. மென்மையான தந்தி, வழுக்கும் விரல். மந்தர ஸ்தாயியில் ஓர் ஆலாபனைத் துண்டை அதில் தேடிப் பார்க்கலாம். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் சபைக்குக் கொண்டுவரும் அளவுக்கு வரவில்லை. பொப் பாடல்களுக்கும் மெல்லிசைக்கும் இதில் எந்தத் தடையும் இல்லை.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன்.

பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்று இரண்டு இருக்கின்றன. பாட்டின் அடியளவைக் கொண்டு அந்தப் பெயர் என்பார் சிலர். சீறியாழ் வாசித்தவர் சிறுபாணர், பேரியாழ் வாசித்தவர் பெரும்பாணர் என்பார் சிலர். சீறியாழுக்கு ஏழு நரம்பு, பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பாணர்கள் ஊர் ஊராக நடந்தவர்கள். வாத்தியத்தின் எடை அவர்களுக்கு வெறும் எண்ணிக்கை இல்லை, வழி நெடுகச் சுமந்த பாரம்.

யாழின் தந்தியை நாம் கம்பி என்று சொல்லவில்லை, நரம்பு என்றோம். மென்மையான தந்தி அது. என் கையிலுள்ள பாலியூரித்தேன் தந்தியைத் தொடும்போது அந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது.

யாழ் நம்மிடமிருந்து போய்விட்டது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல வருடம் உழைத்து, தந்தி நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதக் கணக்கோடு, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். விஞ்ஞானம் படித்த துறவி அவர். அவ்வளவு பெரிய அறிவு உழைத்தும் நமக்குக் கிடைத்தது நூல்தான். யாழை வாசிக்கும் கை அறுந்து போயிருந்தது. கையிலிருந்து கைக்குப் போகாத வாத்தியத்தைப் புத்தகத்தால் முழுதாக மீட்க முடியவில்லை. என் முதல் பேஸ் கிட்டாரை நினைக்கும்போதெல்லாம் இதையும் நினைப்பேன். சுமக்க முடியாததால் விட்டுவிட்டு வந்தோம், விட்டதால் கையும் மறந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு இந்தச் சின்ன வாத்தியம் கிடைத்தபோது, மறந்துவிட்டது என்று நினைத்திருந்த ஒரு பழைய பொப் பாட்டின் பேஸ் வரியை விரல் தானாகவே வாசித்தது. என் பேத்தி பக்கத்தில் இருந்தாள். "தாத்தா, இன்னொரு தடவை" என்றாள். இப்போது அவளுக்கும் அந்த வரி தெரியும்.

ஆற்றுப்படை என்றால் பரிசு பெற்றவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது. நானும் அப்படி மூன்று வழி சொல்லி முடிக்கிறேன். வாங்குமுன் கடையில் உட்கார்ந்து ஆம்ப்போடு வாசித்துப் பாருங்கள். ஆம்ப் இல்லாமல் கேட்டு முடிவெடுக்காதீர்கள். முதல் கருவி மெட்டு உள்ளதாக இருக்கட்டும், மெட்டில்லாதது பிறகு. பேஸ் கிட்டார் தெரிந்தவர்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டாம், அதே நான்கு தந்தி, அதே வரிசை. தெரியாதவர்கள் ஒரு கூட்டத்தில் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். தனியே வாசிக்கிற பேஸ் சீக்கிரம் அலுத்துவிடும். யாராவது பாட வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.